ஊர்ச் சொத்தை விற்பவர் யார்?

உள்ளூராட்சி மன்றங்களின் முன்வாசலை நாம் எல்லோரும் அறிவோம். கொடிக்கம்பமும் பெயர்ப்பலகையும் தலைவரின் அறையும் அப்பக்கத்திலேதான் உள்ளன. பின்வளவை அறிந்தோர் சிலரே. சில்லுக் கழன்ற குப்பைக் கரத்தை, தாங்கி துருவேறிய தண்ணீர்ப் பவுசர், ஒரு காலத்தில் ஊர் வீதிகளையெல்லாம் மிதித்துச் சமப்படுத்திய உருளை, கால் ஒடிந்த வாசிகசாலை மேசைகள் என்று ஓர் ஊரின் உழைப்பு அங்கே மழையில் நனைந்து கிடக்கும். ஆண்டு முடிவிலே குழுவொன்று பேரேட்டுடன் வரும். களஞ்சியக்காப்பாளர் காட்டுவனவற்றை எண்ணும். சிலவற்றின் பெயருக்கு எதிரே, கழிக்கத்தக்கவை என்று குறிப்பெழுதிச் செல்லும். பின்னர் தீர்மானம் நிறைவேறும், அறிவித்தல் ஒட்டப்படும். ஒரு நாள் முற்பகல் பழைய இரும்பு வியாபாரிகள் சிலர் கூடுவர், ஏலம் கூறப்படும், லொறிகள் வரும், பின்வளவு வெறுமையாகும்.

இதில் மெய்யியலுக்கு இடமேது என்று வாசகர் வினவலாம். பழையதை விற்பது எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதானே? ஆயின், ஒரு மனிதன் தன் பழைய சைக்கிளை விற்பதற்கும் ஒரு சபை தன் பழைய பவுசரை விற்பதற்கும் இடையே பெரியதோர் வேறுபாடு உண்டு. சைக்கிள்காரன் விற்பது தன்னுடையதை. அவன் அதனைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். மருமகனுக்குச் சும்மா கொடுக்கலாம். கிணற்றில் எறியவும் செய்யலாம். நட்டம் அவனோடு நின்றுவிடும். சபையோ தன்னுடையதல்லாத ஒன்றை விற்கிறது. பவுசரை வாங்கிய பணத்தைக் கொடுத்தோருட் சிலர் இறந்துவிட்டனர். அதன் தண்ணீரைக் குடிக்கவேண்டியவர்களுட் சிலர் இன்னும் பிறக்கவில்லை. ஏல நாளன்று இவ்விரு சாராரும் அங்கே வந்து நிற்கமாட்டார்கள். உயிரோடிருப்பவர்களிலும் அன்றாடக் கூலிக்குப் போகும் பெரும்பான்மையோர் வரமாட்டார்கள். இல்லாதவர்களின் பொருளை இருப்பவர்கள் சிலர், வேறு சிலருக்குக் கைமாற்றுகிறார்கள். அதனைச் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அதன் எல்லை யாது?

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. சபை சொந்தக்காரன் அல்லன், நம்பிக்கைப் பொறுப்பாளன் என்பதே அது. நமது நாட்டின் உயர் நீதிமன்றமும் இக் கருத்தை வன்மையாக எடுத்துரைத்திருக்கிறது. பத்தரமுல்லையிலே பொதுத் தேவைக்கெனச் சுவீகரிக்கப்பட்ட நிலம், பின்னர் கோல்ப் விளையாட்டு மைதானத்துக்கும் உல்லாச விடுதிக்குமாகத் தனியாருக்குக் கைமாறியதை 2008ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க முப்பது இலட்சம் ரூபாய் செலுத்தவேண்டுமென்றும் கட்டளையிட்டது. அந்நிலம் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் நிலமன்று. எனினும் தீர்ப்பின் அடிப்படை எந்தச் சபைக்கும் பொருந்துவதே: மக்களுக்காக வைத்திருப்பதை மக்களுக்காகவன்றி வேறெதற்காகவும் பராதீனப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

நல்லது. ஆனால் 'மக்களுக்காக' என்ற சொல் எவர் வாயிலும் எளிதாக வரும் சொல். விற்றவர்கள் எல்லோருமே அச்சொல்லைக் கூறித்தான் விற்றிருக்கிறார்கள். ஆகவே நாம் இன்னொரு சொல்லைப் பிடித்து ஆராய்தல் நன்று. அது 'மிகை' என்பது.

இவ்வேட்டின் வாசகர்களுக்கு அச்சொல் புதியதன்று. உழைப்பாளி படைத்து, உழைப்பாளியிடமிருந்து பறிக்கப்படும் மதிப்பை மிகை மதிப்பு என்கிறோம். அங்கே மிகை என்பது விரும்பி அபகரிக்கப்படுவது. கந்தோர் மொழியிலோ மிகை என்பது வேண்டாததெனத் தள்ளப்படுவது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு எதிர்மாறான இரு பொருள்களா என்று வியக்கவேண்டியதில்லை. ஏல மேடையில் அவை இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒருவர் வேண்டாமென்று தள்ளியதை மற்றவர் விரும்பி அள்ளிச் செல்கிறார். மிகையென்பது ஒரு பொருளின் இயல்பன்று. நீளமும் நிறையும் போல அது பொருளிலே கிடப்பதில்லை. யாருக்கு மிகை, எந்தத் தேவையோடு ஒப்பிட்டு மிகை, எவர் அளந்தார் என்ற கேள்விகளுக்கு விடை கூறாமல் அச்சொல்லை வழங்கவே இயலாது. வாசிகசாலைக்கு நூல் வாங்குவதை ஐந்தாண்டு நிறுத்திவைத்து, பின்னர் வாசகர் வரவில்லை, ஆகவே கட்டடம் மிகையானது என்று கூறினால் அது அளவீடன்று, மிகையைத் தயாரித்தல்.

உண்மையான மிகையும் உண்டு. அதை மறுப்பது மூடத்தனம். அமெரிக்க நாட்டுப் பாடசாலை மாவட்டங்கள் தமது மஞ்சள் நிறப் பஸ் வண்டிகளைச் சில ஆண்டுகள் ஓட்டியபின் ஏலத்தில் விடுகின்றன. அவற்றுட் பல மெக்சிக்கோவைக் கடந்து குவாத்தமாலாவுக்குப் போகின்றன. அங்கே அவற்றுக்குப் பலவண்ணப் பூச்சுப் பூசி, மேலே மூட்டை கட்டும் சட்டம் பொருத்தி, மலையூர் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளாக ஆக்குகின்றனர். ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்குப் போதாதென்று கழிக்கப்பட்டது இன்னொரு நாட்டு விவசாயியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்கிறது. உலகச் சமத்துவமின்மையின் சித்திரமாகவும் இதைக் காணலாம். ஆயினும் அந்த வண்டி துருப்பிடித்துக் கிடப்பதிலும் ஓடுவது மேல். எதையும் விற்கக்கூடாது, எல்லாவற்றையும் கட்டிவைத்துக் காக்கவேண்டும் என்பது நமது வாதமன்று. பொதுச்சொத்தைப் பின்வளவில் அழுகவிடுவதும் ஒருவகைக் களவே.

இங்கே இன்னொரு சிக்கலும் எழுகிறது. கழித்த மேசைகளைப் பக்கத்து ஏழைப் பாடசாலைக்குச் சும்மா கொடுத்தால் என்ன? நெஞ்சு உடனே ஆம் என்கிறது. விதி பெரும்பாலும் இல்லை என்கிறது, அல்லது மேலிடத்து அனுமதி கேள் என்கிறது. விதியைச் செய்தவர்கள் இரக்கமற்றவர்கள் என்று எண்ணிவிடலாகாது. கொடுக்கும் அதிகாரத்தைத் திறந்துவிட்டால் இன்று மேசை பாடசாலைக்குப் போகும்; நாளை உழவு இயந்திரம் தலைவரின் மைத்துனனுக்குப் போகும். அதனாலேதான் பகிரங்க ஏலம் என்ற ஏற்பாடு வந்தது. ஏலம் முகம் பார்ப்பதில்லை. ஆயின் அது பணப்பையை மட்டும் பார்க்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற சமத்துவம், கையிற் காசுள்ளவர்களின் சமத்துவம். முறையான நேர்மையும் நியாயமும் ஒன்றல்ல என்பதற்கு ஏலத்தைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. அதற்காக ஏலத்தை ஒழித்துவிடுவோம் என்று நான் கூறமாட்டேன்; ஊழலின் கொடுமையை நேரிற் கண்ட எவரும் கூறமாட்டார்.

மிகைப் பொருள் எப்போதும் அப்பாவிப் பொருளாகவும் இருப்பதில்லை. அமெரிக்க இராணுவத்துக்கு மிகையான தளபாடங்களை உள்ளூர்ப் பொலிஸ் படைகளுக்குக் கொடுப்பதற்கு அந்நாட்டுக் காங்கிரஸ் 1996இல் சட்டத்தை விரிவுபடுத்தியது. துப்பாக்கிகளும் கவச வாகனங்களும் சிறு நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 2014 ஓகஸ்டில் பேர்குசன் நகரத்திலே கறுப்பின இளைஞன் ஒருவன் பொலிஸாராற் கொல்லப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்தபோது, போர்க்களத்துக்குரிய தோற்றத்தோடு பொலிஸார் எதிரே நிற்பதை உலகம் கண்டது. அடுத்த ஆண்டு ஒபாமா சில கட்டுப்பாடுகளை விதித்தார். 2017இல் டிரம்ப் அவற்றை நீக்கினார். கணக்குப் பேரேட்டில் இது சிக்கனம். தெருவில் நின்றவர்களுக்கு அது வேறொன்று.

இனி விலை பற்றிய கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, சபைகள் நிலத்தைக் கைமாற்றும்போது நியாயமாகப் பெறக்கூடிய மிக உயர்ந்த பெறுமதியைப் பெறவேண்டும் என்று விதிக்கிறது; குறைத்துக் கொடுக்க அமைச்சரின் இணக்கம் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது கேட்பது ஒரே கேள்வியை: எவ்வளவு? எதற்காக என்று அது கேட்பதில்லை. அக் கேள்வியைக் கேட்கவைத்தது இலண்டனின் வெஸ்ற்மின்ஸ்ரர் மாநகரசபை.

1987இலே அச்சபை தனக்குரிய மூன்று மயானங்களை, மயானம் ஒன்றுக்கு ஐந்து பென்ஸ் வீதம், பதினைந்து பென்ஸுக்கு விற்றது. ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பெருந்தொகை செலவாகிறது, அச்சுமையை இறக்கிவைக்கிறோம் என்பது காரணம். மயானங்களைச் சார்ந்திருந்த வீடுகளும் அபிவிருத்திக்குகந்த நிலமும் சில்லறைக் காசுக்கே போயின. வாங்கியவர் கைமாற்றினார், புல் வளர்ந்தது, கல்லறைகள் கவனிப்பாரற்றுப் போயின. தம் தாய்தந்தையரைப் புதைத்த மக்கள் கொதித்தெழுந்தனர். ஈற்றில் பெருஞ்செலவு செய்து சபை மயானங்களை மீட்டெடுக்கவேண்டியதாயிற்று. விற்ற அனைத்தும் மீளவில்லை. இறந்தவர்களுக்கு வாக்குரிமை இல்லாதபடியால் மயானம் மிகையாகத் தோன்றியிருக்கவேண்டும்! ஆனால் பூவோடு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு வாக்குரிமை உண்டு என்பதைச் சபை மறந்துவிட்டது.

அதே சபை, அதே காலத்தில் செய்த இன்னொரு காரியம் இதனிலும் கொடியது. 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், சபை வீடுகளில் வாடகைக்கிருந்தோர் அவற்றைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையை அளித்தது. தொழிலாளியைச் சொத்துடையவனாக்கும் புரட்சி என்று தாச்சர் அரசாங்கம் முழங்கியது. வாங்கிய குடும்பங்கள் பல மகிழ்ந்தன என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் விற்ற வீட்டுக்கு ஈடாகப் புது வீடு எழவில்லை. பிற்காலத்தில் அவ்வீடுகளிற் கணிசமான பங்கு தனியார் வாடகைக்காரர் கைக்குப் போய், சபை வாங்கியதிலும் பன்மடங்கு வாடகைக்கு விடப்பட்டது. இது நாடு முழுவதும் நடந்த கதை. வெஸ்ற்மின்ஸ்ரரிலோ 1986ஆம் ஆண்டுத் தேர்தலில் மயிரிழையில் வென்ற ஆளுங்கட்சி, அடுத்த தேர்தலில் தோற்கக்கூடிய எட்டு வட்டாரங்களைத் தெரிந்தெடுத்தது. அவ்வட்டாரங்களிற் சபை வீடுகள் வெறுமையானபோது, வீடற்றோருக்குக் கொடாமல் விற்பனைக்கென ஒதுக்கிவைத்தது. வீடு வாங்கக்கூடியவர் தமக்கு வாக்களிப்பார் என்பது கணக்கு. வீடற்ற குடும்பங்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அஸ்பெஸ்ரஸ் நச்சு இருப்பது தெரிந்திருந்த இரு அடுக்குமாடிகளிற் குடியேற்றப்பட்டன. 1990இல் அக்கட்சி பெருவெற்றி பெற்றது.

கணக்காய்வாளர் விடவில்லை. ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, சபைத் தலைவியாயிருந்த ஷேர்லி போட்டரும் துணைவர்களும் மூன்று கோடிப் பவுணுக்கு மேற்பட்ட நட்டத்துக்குப் பொறுப்பாளிகள் என்று 1996இல் முடிவு செய்தார். வழக்கு மேன்முறையீடுகளுக்கூடாக ஏறி, 2001 டிசம்பரில் பிரபுக்கள் சபை கணக்காய்வாளர் பக்கம் தீர்த்தது. 2004இல் ஒரு கோடி இருபத்து மூன்று இலட்சம் பவுண் கட்டி அவ்வம்மையார் கணக்கை முடித்தார். இதிற் கவனிக்கத்தக்கது, விலை பிரச்சினையின் மையமாயிருக்கவில்லை என்பது. சபைகள் வீடுகளை விற்கலாம் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் பொதுநோக்கத்துக்கெனக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தைக் கட்சியின் வாக்குக்காகச் செலுத்தியமையே குற்றமாயிற்று. சொத்தும் பொதுநம்பிக்கை, விற்கும் அதிகாரமும் பொதுநம்பிக்கை.

இதுவரை கண்டவை எளிதானவை. கயவர் யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பதில் ஐயமில்லை. அறக் கேள்வி கூர்மையடைவது, இருபுறத்திலும் நியாயம் நிற்கும்போதுதான்.

இலண்டனின் கிழக்குப் பகுதியிலே ஸ்ரெப்னி என்ற தொழிலாளர் குடியிருப்பிற் சிற்பி ஹென்றி மூர் வடித்த வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று நின்றது. மூர் சுரங்கத் தொழிலாளியின் மகன். நகரசபை 1962இல் அதனைச் சலுகை விலைக்கு வாங்கி அடுக்குமாடிகளின் நடுவே வைத்தது. ஏழைகளின் பிள்ளைகளும் அருங்கலையை நாள்தோறும் காணட்டும் என்ற அக்காலத்து நம்பிக்கை அது. பிள்ளைகள் அதன் மடியில் ஏறி விளையாடினார்கள். அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டபோது சிலை யோக்ஷயரிலுள்ள சிற்பப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. 2012இல் ரவர் ஹம்லெற்ஸ் சபை அதனை விற்க முடிவு செய்தது. இரண்டு கோடிப் பவுண் வரை கிடைக்கலாம் என்று பேசப்பட்டது. அவ்வட்டாரமோ இங்கிலாந்தின் மிக வறிய வட்டாரங்களுள் ஒன்று. மத்திய அரசு மானியத்தை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. சிலை வேண்டுமா, பிள்ளைகளுக்கு வீடு வேண்டுமா என்று மேயர் கேட்டால் இடதுசாரி ஒருவன் என்ன விடை கூறுவான்? சிலை உண்மையில் எந்தச் சபைக்கு உரியதென்ற வழக்கு 2015 வரை நடந்தது. அதற்குள் மேயரும் மாறினார். புதியவர் விற்பனையைக் கைவிட்டார். 2017இல் சிலை கிழக்கிலண்டனுக்குத் திரும்பி வந்தது. வந்து நின்ற இடம் தொழிலாளர் குடியிருப்பன்று, கனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்களின் நடுவே. திரும்பி வந்ததும் உண்மை. பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதும் உண்மை.

அமெரிக்காவின் டெற்றோயிற் நகரம் இதே கேள்வியைப் பன்மடங்காக்கிக் காட்டியது.

மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரமாயிருந்த அந்நகரில் 1950இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 2010இல் ஏழு இலட்சத்துச் சொச்சம். தொழிற்சாலைகள் கூலி குறைந்த இடங்களுக்குப் போயின. வெள்ளையர் புறநகர்களுக்குப் போயினர். வரி கொடுப்போர் குறைய, எஞ்சியோர் பெரும்பாலும் கறுப்பின வறியவர்களாயினர். 2013 ஜூலை 18ஆந் திகதி, ஏறத்தாழ 1,800 கோடி டொலர் கடனோடு நகரம் வங்குரோத்து அறிவித்தது. அறிவித்தவர் மக்கள் தெரிந்த மேயரல்லர். ஆளுநர் நியமித்த கெவின் ஓர் என்ற அவசரகால முகாமையாளர். இத்தகைய முகாமையாளருக்கு அதிகாரம் கொடுத்த சட்டத்தை மிச்சிக்கன் மக்கள் 2012 நவம்பரில் வாக்கெடுப்பிலே தள்ளியிருந்தார்கள். டிசம்பரிற் சட்டசபை ஏறத்தாழ அதே சட்டத்தை வேறுருவில் நிறைவேற்றிக்கொண்டது.

கடன்கொடுத்தோர் நகரின் சொத்துப் பட்டியலைப் புரட்டினார்கள். அவர்கள் கண் கலைக்கூடத்தில் நின்றது. டெற்றோயிற் கலைக்கூடத்தின் கட்டடமும் ஓவியங்களும் 1919 முதல் நகரத்தின் உடைமை. செழித்திருந்த காலத்தில் நகரம் வரிப்பணத்தைக் கொண்டு வான் கோவின் தன்னுருவ ஓவியத்தை 1922இலும், புரூகலின் திருமண நடனத்தை 1930இலும் வாங்கியிருந்தது. 1932 மார்ச் மாதத்திலே வேலையிழந்த தொழிலாளர் ஃபோர்ட் தொழிற்சாலையை நோக்கிப் பசி ஊர்வலம் சென்றபோது சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் மெக்சிக்கோப் பொதுவுடைமை ஓவியர் டியேகோ ரிவேரா அந்நகருக்கு வந்து, ஃபோர்டின் மகன் எட்ஸெல் கொடுத்த பணத்தில், கலைக்கூடச் சுவர்களில் அத்தொழிற்சாலையின் தொழிலாளர்களையே பேருருவாக வரைந்தார். முதலாளியின் காசு, தொழிலாளியின் உருவம், நகரத்தின் சுவர்! இச்சுவரை விற்பனைப் பட்டியலில் எந்த நிரலிற் போடுவது?

நகரம் தன் பணத்தில் வாங்கியவை மட்டும் ஏறத்தாழ 2,800. முழுச் சேகரிப்பில் இருபதில் ஒரு பங்கு. கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனம் அவற்றுக்கு 45 கோடியிலிருந்து 87 கோடி டொலர் வரை மதிப்பிட்டது. மறுபுறத்தில் நின்றவர்கள் யார்? வங்கிகள் மட்டுமா? இல்லை. குப்பை அள்ளியோர், பஸ் ஓட்டியோர், தீயணைத்தோர், நூலகத்தில் வேலை செய்தோர் என்று இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஓய்வூதியர்களும் கடன்கொடுத்தோரே. தம் உழைப்பின் ஒரு பகுதியை நகரத்திடம் விட்டுவைத்தவர்கள். பொதுப் பணியாளரின் சராசரி ஓய்வூதியம் ஆண்டுக்கு 19,000 டொலரளவிலேயே இருந்தது. ஓவியத்தை விற்றால் அவர்களின் சோறு காக்கப்படுமானால் விற்பது குற்றமா? புரூகலின் விவசாயிகள் படத்தில் ஆடட்டும், டெற்றோயிற்றின் தொழிலாளி பட்டினி கிடக்கட்டும் என்று கூறும் கலாரசிகனை நாம் மன்னிக்கமுடியுமா?

இக் கேள்வியைக் கேட்டவுடனே ஓவியத்தின் பக்கம் தாவுவோரும் உணவின் பக்கம் தாவுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். இரு சாராருமே கேள்வி எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. தராசின் ஒரு தட்டில் தொழிலாளியின் கலையையும் மற்றத் தட்டில் தொழிலாளியின் கஞ்சியையும் வைத்துவிட்டு, நீயே தெரிவுசெய் என்று கூறுபவன் தராசைப் பிடித்திருக்கும் கையை மறைத்துக்கொள்கிறான். நகரத்தின் வருவாய் ஏன் வற்றியது? கடன் எவ்வாறு ஏறியது? இலாபத்தோடு வெளியேறியவர்களின் உடைமை ஏன் எந்தத் தட்டிலும் இல்லை? தெரிவு உண்மையானதாயினும் அதன் எல்லை செயற்கையானது. ஆனால் இவ்வாறு கூறி ஓய்வூதியரைத் திருப்திப்படுத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வரலாற்றுக் காரணத்தை விளங்கப்படுத்துவதால் மாத முடிவிற் காசோலை வந்துவிடாது.

நீதிமன்றத்திலே நிகழ்ந்ததோ விசித்திரம். மிச்சிக்கன் அரசியலமைப்பு பொது ஊழியரின் ஓய்வூதியத்தைக் குறைக்கலாகாதென்று கூறுகிறது. அவ்விதி இருந்தும், வங்குரோத்துச் சட்டத்தின் கீழ் ஓய்வூதியத்தைக் குறைக்கலாம் என்று நீதிபதி றோட்ஸ் 2013 டிசம்பரிற் தீர்த்தார். கலைப்பொருள்களோ மக்களுக்கான அறநம்பிக்கையில் வைக்கப்பட்டவை, கடனுக்கு விற்கலாகாது என்று மாநிலச் சட்டமா அதிபர் அதற்கு முன்பே அபிப்பிராயம் எழுதியிருந்தார். தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கு, கலைக்குக் கொடுத்த வாக்கு என்ற இரண்டில் முன்னதே முதலில் நெகிழ்ந்தது.

முடிவில் வந்தது, பேருடன்பாடு என்று பெயர்பெற்ற ஒப்பந்தம். தனியார் அறநிதியங்கள் 36 கோடி 60 இலட்சம் டொலரும், மாநில அரசு இருபதாண்டுக் கணக்கில் 35 கோடியும், கலைக்கூடம் திரட்டிய 10 கோடியும் ஓய்வூதிய நிதிக்கெனச் சேர்ந்தன. அவற்றுள் ஃபோர்ட் அறநிதியத்தின் பங்கு மட்டும் 12 கோடி 50 இலட்சம். ஓவியங்கள் விற்கப்படவில்லை. பொதுப் பணியாளரின் ஓய்வூதியம் நூற்றுக்கு நாலரை வீதம் குறைந்தது. வாழ்க்கைச் செலவுக்கேற்ற உயர்வு நின்றது. ஓய்வுபெற்றோருக்கான வைத்திய உதவி பெருமளவில் வெட்டுண்டது. ஓய்வூதியர் 2014இல் வாக்களித்துப் பெரும்பான்மையால் இதனை ஏற்றனர். எதிர்த்து வாக்களித்தால் இதனிலும் ஆழமான வெட்டு விழும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

கலைக்கூடத்தின் உடைமையுரிமை நகரத்திடமிருந்து ஓர் இலாபநோக்கற்ற தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. இனி எந்தக் கடன்காரனும் அதைத் தொடமுடியாது. ஆனால் டெற்றோயிற் மக்களும் தம் சபையின் வழியாக அதன் சொந்தக்காரரல்லர். விற்பனையினின்று காப்பதற்காக, விற்கக்கூடியவரின் கையினின்றே எடுத்துவிட்டார்கள். நல்ல பிள்ளையைக் கெட்ட தந்தையிடமிருந்து பிரித்து வளர்ப்பதைப் போன்ற காரியம் இது. பிள்ளை பிழைத்தது. தந்தை ஏன் கெட்டான் என்று எவரும் கேட்கவில்லை.

உலகப் பத்திரிகைகள் யாவும் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்நாட்களில் வேறொரு காரியமும் நடந்தது. கடன்பத்திரங்களுக்குக் காப்புறுதி செய்திருந்த இரு நிதி நிறுவனங்கள் உடன்பாட்டை எதிர்த்து வழக்காடின. அவற்றைச் சமாதானப்படுத்தியது எவ்வாறு? ஒன்றுக்கு ஆற்றின் கீழாகக் கனடாவுக்குச் செல்லும் சுரங்கப்பாதைக் குத்தகையின் நீடிப்பும் வாகனத் தரிப்பிடக் கட்டடமொன்றின் குத்தகையும் கொடுக்கப்பட்டன. மற்றதற்குக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயியின் பெயர் தாங்கிய அரங்கு நின்ற ஆற்றங்கரை நிலத்தின் மீது உரிமை கிடைத்தது. வான் கோவுக்காக எழுந்த குரல்களில் நூற்றிலொரு பங்குதானும் ஆற்றங்கரைக்காக எழவில்லை. அழகான பொருளைக் காப்பது எளிது. அதற்கு நண்பர்கள் உண்டு. வாகனத் தரிப்பிடத்துக்கு யார் கவிதை எழுதுவார்?

நமது ஊர்களுக்கு இதனால் வரும் தொடர்பு கற்பனையானதன்று. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆந் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக மாநகரசபைகளை ஆணையாளர்களும் பிரதேச சபைகளைச் செயலாளர்களும் நடத்தினார்கள். நாடே வங்குரோத்து நிலைக்கு வந்த பின்னான காலம் அது. அவ்வதிகாரிகள் தீங்கு செய்தார்கள் என்று நான் கூறவில்லை. பலர் தெரியப்பட்ட தலைவர்களிலும் நேர்மையாக நடந்திருக்கவும் கூடும். கேள்வி அவர்களின் குணத்தைப் பற்றியதன்று. டெற்றோயிற்றின் முகாமையாளரும் சட்டப்படியே நடந்தார். பொதுச் சொத்தை விற்பவன் நல்லவனா என்பது ஒன்று, அவனைக் கேள்வி கேட்கும் இடம் ஒன்று இருந்ததா என்பது வேறொன்று. சபை கூடாத ஈராண்டில் எந்தக் கடைத்தொகுதி யாருக்குக் குத்தகைக்குப் போயிற்று, எந்த வாகனம் கழிக்கப்பட்டது, எந்தக் காணித்துண்டு மிகையாயிற்று என்பவற்றை இன்று சபைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வருவித்துப் பார்க்கவேண்டும். பார்க்கிறார்களா என்பதை நாம் பார்க்கவேண்டும்.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. கழிக்கும் பட்டியலை ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு கந்தோர்ச் சுவரில் மட்டுமன்றி வாசிகசாலையிலும் சந்தையிலும் ஒட்டலாம். ஏன் கழிக்கப்படுகிறது, யார் பரிசோதித்தார், திருத்த எவ்வளவு செல்லும் என்ற மூன்று நிரல்களைப் பட்டியலிற் சேர்க்கலாம். பாடசாலையோ சனசமூக நிலையமோ ஒரு பொருளைக் கேட்டால் அதனை மூடிய அறையில் அன்றிப் பகிரங்கக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானிக்கலாம். அப்போது மைத்துனர்கள் வெட்கப்படுவார்கள். நிலமும் கட்டடமும் இவ்வகையிற் சேரா. பவுசர் தேயும், நிலம் தேய்வதில்லை. தேயாத பொருளைக் கழிக்கத்தக்கதென்று எழுதுகிற பேனாவை இருமுறை நிறுத்திக் கேட்கவேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தால், தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைப் பதினான்கு வேலைநாட்களுள் தகவல் அலுவலர் அறிவிக்கவேண்டும். விண்ணப்பத்துக்குக் காரணம் கூறவேண்டியதில்லை. இவ்வேட்டை வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஏதோவொரு சபையின் எல்லைக்குள்ளேதான் வாழ்கிறார். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் குடியியலிற் கட்டுரைப் பயிற்சி வைப்பவர்கள், இவ்வாண்டுக் கட்டுரைக்குப் பதிலாக 2023 முதல் 2025 வரையான கழிவுப் பொருட் பட்டியலையும் குத்தகைப் பதிவேட்டையும் கேட்டு அவர்களை ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லலாம்.